மில்லுக்காரருக்கு ஒரு நாள் பாடு

பழவேற்காட்டுப் பக்கம் எங்கள் குப்பத்தை அதிகம் கதிகலங்க வைத்தது புயலா, மில்லுக்காரரா என்று கேட்டால், சத்தியமாக மில்லுக்காரர்தான். புயலுக்காவது முன்னறிவிப்பு உண்டு.

அனுப்பம்பட்டுப் பக்கம் நெல் விதைக்கிற குடும்பம் அவருடையது. மிளகாய் அரைக்க எங்கள் பெண்கள் பொன்னேரிக்கு பஸ் ஏறுவதைப் பார்த்துவிட்டு, நிலத்தை விற்று இங்கே வந்து முதல் மாவு மில்லைப் போட்டார். முதல் நாள் மெஷின் உறுமிய உறுமலில், கடல் உள்ளே வந்துவிட்டது என்று பாதி ஊர் மேட்டுக்கு ஓடியது. "இன்னா ஆச்சு? இன்னா ஆச்சு?" என்று கேட்டபடி அவரும் பின்னாலேயே ஓடினார்.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்தக் குடும்பம் எந்த நாளில் எங்கே வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வோம். பரம்பரைக் குடும்பங்களுக்கு மட்டும்தான். மில்லுக்காரருக்கு அதன் மேல் தீராத ஆசை.

"எனக்கும் ஒரு நாள் பாடு குடுங்கபா. நானும் இந்த ஊர்க்காரன்தானே" என்று ஒவ்வொரு குலுக்கலுக்கும் வந்து நிற்பார்.

"மாவு அரைக்கிற வேலையப் பாருய்யா" என்பார் ஏழுமலை. எங்கள் ஊரில் வலையை விட வாயை நன்றாக வீசுகிறவர் அவர். மில்லுக்காரரின் முகம் தொங்கிப்போகும். பார்க்கப் பாவமாக இருக்கும்.

ஏரியில் கிடைக்காத பாட்டை அவர் மில்லில் கொண்டுவந்தார். அரைக்க வருகிறவர்களுக்குச் சீட்டுக் குலுக்கல். ஒரு கல்யாண வீட்டு மிளகாய்க்குச் சீட்டு விழாமல், மாப்பிள்ளை வீட்டார் வெள்ளைக் குழம்பு சாப்பிட்டுப் போனார்கள்.

அப்புறம் பஞ்சாயத்துத் தேர்தலில் அவரும் ஏழுமலையும் நின்றார்கள். ஓட்டு சமம். அதிகாரி சீட்டுக் குலுக்கியதில் மில்லுக்காரர் பெயர் வந்தது. மாலை போட வந்தவர்களை அவர் தடுத்தார்.

"சீட்டுல வந்தா முறை வெக்கணும் சார். இன்னிக்கு நான் தலைவர், நாளைக்கு ஏழுமல."

அதிகாரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யோவ், இத்த இன்னா ஏரின்னு நெனச்சியா? சட்டம் ஒத்துக்காது!"

"சட்டத்துக்குக் கையெழுத்து நான் போட்டுக்கறேன் சார். நாற்காலி மட்டும் முறைப்படி."

அப்படியேதான் நடந்தது. பஞ்சாயத்து கிளார்க்கான எனக்குத்தான் தலை சுற்றியது. ஏழுமலையின் முறை வரும் நாளில் மில்லுக்காரர் வெளி பெஞ்சில் மனுவோடு காத்திருப்பார். மில் வாசலுக்குக் கால்வாய் கேட்ட அவர் மனுவை ஏழுமலை தள்ளுபடி செய்தார். மில்லுக்காரர் உள்ளே வந்து, அந்தத் தள்ளுபடியில் தலைவர் என்று தானே கையெழுத்துப் போட்டுவிட்டு, "அநியாயத்தப் பாத்தியா?" என்று என்னிடம் புலம்பினார்.

போன மாதக் குலுக்கலில் ஏழுமலை எழுந்து நின்றார். "என் பாட்டுல ஒரு நாள் மில்லுக்காரருக்கு. அவுரு நாற்காலியில பாதி குடுத்தாரு. நான் ஏரியில ஒரு நாள் குடுக்கக்கூடாதா?"

பெற்ற பிள்ளைக்குக்கூட இங்கே யாரும் பாட்டை விட்டுக்கொடுத்ததில்லை. மில்லுக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்த நாளும் வந்தது. ஏழுமலை மில்லுக்காரரை ஏற்றிக்கொண்டு படகைத் தள்ளினார். தண்ணீர் ஆழமான பிறகு மில்லுக்காரர் மெதுவாகச் சொன்னது கரை வரை கேட்டது.

"ஏழுமல, எனக்கு நீச்சல் தெரியாதுபா."

அன்றைக்கு அரைக்க யாரும் போகவில்லை. மிளகாயும் அரிசியும் வீட்டிலேயே கிடந்தன. ஊரே கரையில் நின்றது. படகு திரும்பி, அவர் கால் மணலில் பட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வலையில் என்ன விழுந்தது என்று பார்க்க யாருக்கும் தோன்றவே இல்லை.