அம்மா குரல்: பூஜ்யம்

ரிச்சர்ட்ஸ் டவுன்,
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான மகன் கிளெமென்டுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஸ்தோத்திரம். இங்கே நாங்கள் இருவரும் சுகம். என் சுகர், அம்மாவின் முழங்கால் இரண்டும் போன மாதம் விட்ட இடத்திலேயே இருக்கின்றன. வைட்ஃபீல்டில் நீயும் ஜெனிஃபரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். ஒரே ஊருக்குள் கடிதமா என்று சிரிக்காதே. போன் செய்தால் மீட்டிங்கில் இருப்பதாக ஒரு வரி வருகிறது. இதையாவது மடியில் வைத்துப் படிக்கலாம்.

நிற்க. உன் செய்தியைப் படித்தேன். ஜூன் மாதம் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து அரை மணி நேரம் கூப்பிட்டும், வாசலில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த என் காதில் விழவில்லை. அது என் தப்பு, இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. அதற்காகத்தான் நீ அந்தப் பேச்சுப் பெட்டியை வாங்கி வந்து வைத்தாய். பேர் சொல்லிக் கூப்பிட்டால் விளக்குப் போடும், ஃபேன் போடும், ஆபத்தென்றால் உனக்குப் போன் போடும் என்றாய். என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டாய். கோலாரில் இருபத்தெட்டு வருஷம் சுரங்கத்து இருட்டில் இறங்கி ஏறியவன் பேருக்கு ஒரு விளக்காவது எரியட்டுமே என்று 'சாமுவேல்' என்றேன். நான் கூப்பிட்டால் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. ஆனால் உன் போனில் மூன்று மாதமாக 'அம்மா குரல்: பூஜ்யம்' என்றே வருகிறதாம். கிறிஸ்துமஸுக்குள் பெட்டி அம்மா குரலைப் பிடிக்காவிட்டால், வீட்டைப் பூட்டி எங்களைச் சர்ஜாபூர் பக்கம் முதியோர் இல்லத்தில் சேர்ப்பேன் என்கிறாய். இது அம்மா பிறந்து வளர்ந்த வீடு, கிளெமென்ட். அதனால் அந்தப் பெட்டியின் மைக்கோடு நான் பட்ட பாட்டைக் கேள்.

ஃபிரிட்ஜ் உறுமலில் குரல் அமுங்கும் என்று நீ சொன்னபடி, முதலில் பெட்டியை ஃபிரிட்ஜ் மேலிருந்து இறக்கி ஸ்டூலில் வைத்தேன். வேலை செய்ய வரும் சந்திரம்மா தரை துடைக்கிறபோது இடித்துத் தள்ளி ஒரு மூலை சில்லு போனது. பிறகு நம் சர்ச் பாட்டுக் குழுவுக்கு மைக் செட் போடும் அலெக்சாண்டரைக் கூப்பிட்டேன். அவன் ஹால் நடுவில் நின்று கையைத் தட்டிப் பார்த்து, சீலிங் ரொம்ப உயரம், எதிரொலி அடிக்கிறது, சுவரெல்லாம் கம்பளி தொங்கவிடணும்னான். வீட்டிலிருந்த ஏழு கம்பளியும் தொங்குது, பார்க்கிறவங்க லாண்டரிக் கடைன்னு துணி கொண்டாந்து போடாததுதான் பாக்கி. ஃபேன் சத்தம் ஆகாதுன்னான், நிறுத்தினோம், வேர்த்துக் கொட்டுது. டிவி ஆகாது, மிக்ஸி ஆகாது, குக்கர் விசில் ஆகாதுன்னான், ஒரு வாரமா வடிச்ச சோறும் ரசமும்தான். இத்தனையும் பண்ணி உங்கம்மாவை பெட்டி முன்னால நிக்க வச்சா, முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டு என்னமோ முனகுறா. பெட்டி கல்லு மாதிரி கெடக்குது. ஆன்ட்டிக்கு வாய்ஸ் கம்மின்னு சொல்லி அலெக்சாண்டர், போதகர் மாட்டுற காலர் மைக்கை அவ புடவையில குத்தி, குரல் ஏறுதா பார்ப்போம்னு பாட்டுக் குழு ஸ்பீக்கர்ல சேர்த்தான். ஏறுச்சுப்பா. "இந்த மனுசனுக்கு வயசான காலத்துல கிறுக்கு புடிச்சிருக்கு"ன்னு அவ வாய்க்குள்ள சொன்னது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. ஜெபக் கூட்டத்துக்குக் கூப்பிட வந்த போதகர் கேட்டைத் தொறக்காமலே திரும்பிட்டாரு. பெட்டி மட்டும் அசையல.

எனக்கு ஓய்ஞ்சு போச்சுப்பா. நல்ல மைக்கா நாலு வாங்கி அறைக்கு ஒண்ணு மாட்டிப் பாரு. அதுவும் ஆகலேன்னா நீ சொல்ற இல்லத்துக்கே வந்துடுறோம். ஆனா அம்மாகிட்ட அதை நீயே வந்து சொல்லு, எனக்குத் தைரியம் இல்ல.

சமாதானத்தின் தேவன் உன் ஆபீசிலும், அதற்குப் போகிற டிராஃபிக்கிலும் உன்னோடு இருப்பாராக. ஜெனிஃபருக்கு எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
களைத்துப்போன அப்பா,
சாமுவேல்

பின்குறிப்பு: இன்று சனிக்கிழமை. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. வியாழனன்று கவரை ஒட்டப் போகிற நேரத்தில், கம்பளியைத் தட்டிக்கொண்டிருந்த சந்திரம்மா, "அதுக்கு உங்க பேர வச்சா அம்மா எப்பிடி ஐயா கூப்புடுவாங்க?" என்றாள். கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில் உன் அம்மா என் பேரை ஒருதரம்கூடச் சொன்னதில்லை. பாத்ரூமில் விழுந்தன்றும் "என்னாங்க, என்னாங்க" என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். இத்தனை நாள் இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டால், அதை எந்த வாயால் சொல்வது என்கிறாள். பெட்டியின் பேரை உன் பேராக மாற்றிவிட்டேன். சமையலறையிலிருந்து கூப்பிட்டாலும் கேட்கிறது, பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டாலும் கேட்கிறது. மைக்கும் வேண்டாம், இல்லமும் வேண்டாம். ஒரே தொல்லை, மத்தியானம் கண்ணயர்ந்தால் தூக்கத்தில் உன் பேரைச் சொல்கிறாள். பெட்டி உடனே "சொல்லுங்கம்மா" என்று காத்திருக்கிறது. அவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள், நான்தான் "ஒண்ணுமில்லப்பா, நீ வேலையப் பாரு" என்று பதில் சொல்லி அனுப்புகிறேன்.