எட்டடிக்குப் பத்தடித் தோட்டமும் நான்கு கையெழுத்தும்

வைட்ஃபீல்டில் இருக்கும் அன்புள்ள உத்தமன் சித்தப்பாவுக்கு, காக்ஸ் டவுனிலிருந்து தீபிகா வணக்கத்துடன் எழுதுவது. நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதப்போகிறேன். இங்கே எல்லோரும் நலம். நான் மட்டும் அதிர்ச்சியில் இருக்கிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் கடிதம். அப்பா இதைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்புவார்.

எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில் எட்டடிக்குப் பத்தடி மண் சும்மா கிடக்கிறதல்லவா, அதற்கு மூன்று வாரம் உட்கார்ந்து கிராஃப் தாளில் தோட்டம் வரைந்தேன். நடுவில் அல்லிக் குளம், சுற்றிலும் ரோஜா, சுவரோரம் பட்டாம்பூச்சிகளுக்காக எருக்கஞ்செடி, நான் உட்கார்ந்து படிக்க ஒரு கல். வீட்டு ஓனர் தியோடர் அங்கிள் பார்த்துவிட்டு, "மத்த நாலு வீட்லயும் கையெழுத்து வாங்கிட்டு வாம்மா, அப்புறம் தோண்டு" என்றார். அதை நம்பித்தான் வரும் ஞாயிற்றுக்கிழமை பதினொரு நாற்று கொண்டுவரும்படி உங்களிடம் சொன்னேன்.

கையெழுத்து எல்லோரும் போட்டார்கள். ஆனால் போடுவதற்கு முன் திருத்தினார்கள். முதல் மாடி கோவிந்தப்பா அங்கிள், "ஏனம்மா இது, கொசுவுக்கு ஸ்விம்மிங் பூலா?" என்று குளத்தை அடித்துவிட்டு அங்கே தன் ஸ்கூட்டரை வரைந்தார். ஸ்கூட்டரின் கண்ணாடி இரண்டையும்கூட வரையாமல் விடவில்லை. எதிர்வீட்டு மங்களம் ஆன்ட்டி, "ரோஜா முள்ளுல புடவை மாட்டும் கண்ணு, கருவேப்பில வேணா ஒண்ணு வை, எனக்கும் ஆகும்" என்று ரோஜா இருந்த இடத்தில் துணிக்கொடிக்கு இரண்டு கம்பம் நட்டார். ஐ.டி.யில் வேலை பார்க்கும் நரேஷ் அண்ணா, "பட்டாம்பூச்சி ஓகே, ஆனா மொதல்ல புழு வரும்ல?" என்றார். புழுதான் அண்ணா பட்டாம்பூச்சி ஆகும் என்றேன். "அப்ப வேணாம். டைரக்டா பட்டாம்பூச்சியா வந்தா சொல்லு" என்று எருக்கஞ்செடியை அடித்தார். கடைசியாக மரியா மிஸ், "முட்டி வலிக்குதும்மா" என்று என் கல்லை ஆறடி பெஞ்சாக்கி, சாய்ந்துகொள்ள முதுகும் வைத்தார்.

தியோடர் அங்கிள் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். "இருபது வருஷத்துல இந்த நாலு வீடும் ஒத்துக்கிட்டது இது ஒண்ணுதாம்மா" என்று சொல்லி, அங்கேயே மேஸ்திரி ஜெயராஜுக்குப் போன் போட்டார். "திங்கக்கிழமை வாப்பா. முழுசா சிமெண்ட் போட்டுடு, மண்ணுல ஸ்கூட்டர் வழுக்கும்." அங்கிள், கருவேப்பிலை என்றேன். "தொட்டியில வைம்மா."

சித்தப்பா, அந்தத் தாளின் அடியில் 'வடிவமைப்பு: தீபிகா, எட்டாம் வகுப்பு பி பிரிவு' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருக்கிறேன். ஒரு சிமெண்ட் தரையை வடிவமைத்தவள் நான். நாற்றுகளைக் கொண்டுவர வேண்டாம். உங்கள் பால்கனியிலேயே அவை நன்றாக வளரட்டும். சித்திக்கு என் வணக்கம், பாப்பாவுக்கு முத்தம்.

இப்படிக்கு,
தீபிகா

பி.கு. கடிதத்தை மடிப்பதற்குள் கீழே சத்தம் கேட்டது. கோவிந்தப்பா அங்கிள் டேப் பிடித்து அளந்திருக்கிறார். பெஞ்சின் முதுகு ஸ்கூட்டரில் இடிக்கிறதாம். மங்களம் ஆன்ட்டியின் ஈரப் புடவை தன் தலையில் சொட்டும் என்கிறார் மரியா மிஸ். மூவரும் தங்கள் கையெழுத்தை அடித்துவிட்டார்கள். நரேஷ் அண்ணா யாரோடும் சண்டை போடவில்லை, ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று அவரும் அடித்துவிட்டார். தியோடர் அங்கிள் மேஸ்திரியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "இவங்க ஒத்துப்போற வரைக்கும் நீ எதையாவது நட்டு வைம்மா" என்றார். ஞாயிறுவரை காத்திருக்காதீர்கள், சமாதானம் ஆகிவிடப் போகிறார்கள். நாளைக் காலையே நாற்றுகளுடன் வாருங்கள். படிக்கட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். படிக்கட்டு விளக்குகள் கோவிந்தப்பா அங்கிள் வீட்டு மீட்டரில்தான் எரிகின்றன. இப்போதுதான் கோபத்தில் எல்லாவற்றையும் அணைத்தார்.