லத்தீன் பசு

தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால், செம்பை எடுக்காமல் தண்ணீர் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று தேடப் போகிற ஒரு வகை மனிதர்கள் உண்டு. இவர்களுக்கு நான் வைத்திருக்கிற பெயர் ‘வேர்தோண்டி’. ஊருக்கு ஒருவராவது இருப்பார். இரண்டு பேர் இருந்துவிட்டால் பேச்சுவார்த்தை இருக்காது. ஒருவர் கிரேக்கம் என்பார், மற்றவர் லத்தீன் என்பார், அதோடு உறவு முறிந்துவிடும். இதில் தமிழ்ச் சொல்லைத் தோண்டுகிறவர்களை விட்டுவிடுவோம். அவர்களால் பெரிய சேதம் கிடையாது. நான் சொல்ல வந்தது, இங்கிலீஷில் இருக்கிற சயன்ஸ் வார்த்தைகளைத் தோண்டுகிற உட்பிரிவை. இது கொஞ்சம் ஆபத்தான உட்பிரிவு.

எப்படி அடையாளம் காண்பது? சுலபம். உங்களுக்கு இருமல் வந்தால் ஒருவர் மிளகு கஷாயம் சொல்வார், ஒருவர் டாக்டர் வீட்டுக்கு வழி சொல்வார். இவர் மட்டும் இருமலின் இங்கிலீஷ் பெயரைச் சொல்லி, அதை இரண்டாகப் பிளந்து, முதல் பாதி எந்தத் தேசத்தது, இரண்டாம் பாதி எந்தத் தேசத்தது என்று விளக்குவார். நீங்கள் இருமிக்கொண்டே கேட்க வேண்டும். நடுவில் எழுந்து போனால் அறிவில் அக்கறை இல்லாதவர் ஆகிவிடுவீர்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பழனி அடிவாரத்தில் இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் வசித்தார். ஹைஸ்கூல் சயன்ஸ் வாத்தியார் ஞானவேல். நல்ல மனிதர். யாரிடமும் கை நீட்டி வாங்காதவர், பொய் சொல்லாதவர். வெளியே இருந்து பார்த்தால் அவ்வளவுதான் தெரியும். அவருக்கு வாழ்க்கைப்பட்ட சண்முகசுந்தரியின் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் ஆளின் முழு உயரமும் தெரியும்.

சீமைக்குத் திரும்பிப் போகிற ஒரு பாதிரியார் கொடைக்கானலில் தம் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டபோது, மார்கழிக்கு ஆகும், நல்ல கம்பளியாக ஒன்று எடுத்து வாருங்கள் என்று சுந்தரிதான் புருஷனை அனுப்பி வைத்தாள். அவர் தலையணை கனத்துக்கு ஓர் அகராதியோடு வந்து இறங்கினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் பூர்வீகம் போட்ட அகராதி.

“கம்பளி எங்கங்க?”

“கம்பளி கெடக்கு சுந்தரி. இதைப் பாரு. வார்த்தைக்கெல்லாம் ஜாதகம் போட்டிருக்கான்.”

“இதைப் போத்திக்கிட்டாப் படுக்க?”

அன்றிலிருந்து ஆரம்பித்தது. வத்தலக்குண்டு வழியாக மலை ஏறுகிற பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவில் ஒரு பெண் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, இவர் அவள் புருஷனிடம் திரும்பி, குமட்டலுக்கு இங்கிலீஷில் நாசியா என்று பேர், அது கிரேக்கத்தில் கப்பல் என்ற சொல்லிலிருந்து வந்தது, ஆதியில் கப்பலில் போனவர்களுக்கு மட்டும்தான் குமட்டிற்று என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். அந்த ஆள் கேட்டதெல்லாம் ஒரு எலுமிச்சம்பழம். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து வந்து, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு மலைப்படியில் உட்கார்ந்துவிட்ட ஒரு பக்தரிடம், தசைக்கு மஸில் என்று பேர், லத்தீனில் அதற்குச் சுண்டெலி என்று அர்த்தம், தோலுக்கடியில் சுண்டெலி ஓடுகிற மாதிரி இருப்பதால் அப்படி வைத்தார்கள் என்றார். “எலியோ பூனையோ, கொஞ்சம் நீவி விடுங்க சாமி” என்றார் பக்தர். சுந்தரிதான் குனிந்து நீவி விட்டாள்.

அவளுக்குப் பிடிக்காமல் இருந்தது என்று சொல்ல மாட்டேன். கிரகங்களுக்குப் பிளானட் என்று பேர் வந்தது, அலைகிறவை என்ற அர்த்தத்தில்தான் என்று அவர் மொட்டை மாடியில் சொன்ன ஒரு சாயங்காலம், நல்லாத்தான் இருக்கு என்று அவள் நினைத்தாள். அலைகிற பிழைப்பு வானத்தில்கூட இருக்கிறது என்று கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. ஆனால் அடுப்பில் குழம்பு தீயும்போதும் அதே குரல், அதே நிதானம். எந்த நேரத்தில் எதைப் பேசுவது என்பதற்கு அந்த அகராதியில் பூர்வீகம் போடவில்லை போலிருக்கிறது.

இந்த நிலையில்தான் பக்கத்துத் தெருவில் பெரியம்மை விழுந்தது. இரண்டு வீட்டு வாசலில் வேப்பிலை. ஒரு குழந்தை போய்விட்டது என்றும் பேச்சு.

சுந்தரியின் தெருவில் பாதிப் பேர் பஞ்சாமிர்தம் பிசைகிறவர்கள், மீதிப் பேர் கோயில் ஊழியக் குடும்பங்கள். வீட்டுக்கு வீடு சின்னப் பிள்ளைகள். அம்மை குத்துகிற ஆண்டிச்சாமி காலையில் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் அவள் வெள்ளனே எழுந்து வீடு வீடாக ஏறினாள். ஆத்தா வந்திருக்கிற நேரத்தில் ஊசி குத்தினால் கோபிப்பாளே என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். காய்ச்சல் வருமாமே என்று இன்னொரு வீட்டில். ஒவ்வொருவரிடமும் கெஞ்சி, இரண்டு பேரிடம் சண்டையும் போட்டு, தெருவையே பிள்ளையார் கோயில் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

ஆண்டிச்சாமி பிளாஸ்கைத் திறந்து பார்த்தார். அதற்குள் ஐஸ்; ஐஸுக்குள் அம்மைப்பால் அடைத்த கண்ணாடிக் குழல்கள். ஐஸ் கரைந்தால் மருந்து கெட்டுவிடும். கூட்டம் தயங்கி நின்றது. அவர் வாத்தியாரைப் பார்த்துக் கும்பிட்டார்.

“சார், குத்திக்கிட்டா அம்மை வராதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வெரசா முடிச்சிருவேன்.”

ஒரு வார்த்தை! வேர்தோண்டியிடம் போய் ஒரு வார்த்தை என்று கேட்கலாமா?

வாத்தியார் கோயில் படியில் ஏறினார். “இந்த மருந்துக்கு இங்கிலீஷ்ல வாக்ஸின்னு பேரு. இதுக்கு வேர் எங்க இருக்கு தெரியுமா? லத்தீன்ல இருக்கு. வாக்கான்னா பசு.”

பசு என்றதும் முன்வரிசையில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அங்கே நிறுத்தியிருந்தால் அன்றைக்குத் தெருவே ஊசி போட்டுக்கொண்டு போயிருக்கும். ஆனால் வேரில் பாதியைத் தோண்டிவிட்டு மண்ணைத் தள்ளுகிற வழக்கம் இந்த இனத்துக்குக் கிடையாது.

“பசுவோட மடியில கொப்புளம் வரும். கொப்புளத்துல சீழு கட்டும். பால் கறக்கிற பொம்பளைங்க கையில அந்தச் சீழு பட்டுச்சு. அதைப் பாத்த ஒரு வெள்ளைக்கார டாக்டரு, அந்தச் சீழையே எடுத்து ஒரு பிள்ளை கையில கீறி…”

“சீழா?” என்றாள் கந்தம்மாள். இடுப்பில் பேரனோடு முதல் ஆளாக வந்து நின்றவள். “ஆத்தா ஊருக்குள்ள இருக்கிற நேரத்துல, மாட்டுச் சீழையா பிள்ளை ஒடம்புல ஏத்தப் போறீங்க?”

கூட்டம் பின்வாசல் வழியாக நழுவுகிற மாதிரி நழுவத் தொடங்கியது. வாத்தியாருக்கு அது தெரியவில்லை. அவர் இங்கிலாந்தில் இருந்தார்.

சுந்தரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஓடிப்போய்க் கந்தம்மாளின் கையைப் பிடித்தாள்.

“அக்கா, நில்லுங்க. நெய் ஊத்தாம என்னிக்காவது பஞ்சாமிர்தம் பிசைஞ்சிருக்கீங்களா? அந்த நெய்யி எங்கிட்டிருந்து வந்துச்சு? சாணியைக் கரைச்சு வாசல்ல தெளிக்கிறோம். கோமியத்தைத் தலையில தெளிச்சுக்கிறோம். பசு குடுத்ததுல எதை வேணாம்னோம் நாம? இதையும் அவதான் குடுத்திருக்கா.” ஆண்டிச்சாமி பக்கம் திரும்பி ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டாள். “மொதல்ல எனக்குக் குத்துங்கண்ணே.”

அவர் குத்தினார். அவள் முகம் சுளிக்கவில்லை. கந்தம்மாள் யோசித்தாள். அப்புறம் பேரனின் சட்டையைக் கழற்றினாள். போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பஞ்சகவ்யம் பற்றித் தாமும் ஒன்று சொல்லலாம் என்று வாத்தியார் வாயெடுத்தபோது சுந்தரி ஒரு பார்வை பார்த்தாள். அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

எல்லாரும் வந்துவிட்டார்கள், தங்கமுத்துவைத் தவிர.

தங்கமுத்து யார் என்று சொல்ல வேண்டும். அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தவர். வேர்தோண்டி இனத்துக்குக் கேட்பவர் கிடைப்பது அபூர்வம். தங்கமுத்து அந்த அபூர்வம். சாயங்காலம் ஆனால் வாத்தியாரிடம் ஒரு சொல் கேட்டுக்கொண்டுதான் கடைக்குத் திரும்புவார். தெருவில் வாத்தியார் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் நம்பிய ஒரே ஆள். அவருக்கு ஒரே மகள், வேலுத்தாய். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது.

சுந்தரி போய்க் கதவைத் தட்டினாள். “தம்பி, பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க. ஐஸ் கரையுது.”

“வேணாம் மதினி. மத்தவங்க நீங்க சொன்னதைக் கேட்டாங்க. நான் வாத்தியார் சொன்னதைக் கேக்கிறவன். மாட்டு நோயினு பேருலயே இருக்குன்னாரே. அவரு பொய் சொல்லுவாரா? அவரு வந்து குத்திக்கன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், இந்த நிமிஷமே குத்திக்கிறேன்.”

சுந்தரி வீட்டுக்கு ஓடினாள். அகராதியில் இருந்த வாத்தியாரைக் கையைப் பிடித்து எழுப்பினாள். தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே இழுத்து வந்தாள்: “குத்திக்கன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன்.”

“அவ்வளவுதானே?” என்றார் அவர். மனதாரத்தான் சொன்னார்.

தங்கமுத்துவின் வாசலில் நின்று, “தங்கமுத்து, குத்திக்க” என்றும் சொன்னார். பூர்வீகம் இல்லாமல், பிளக்காமல், வெறும் ஒரு வார்த்தை. அந்த அகராதி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சுந்தரி அப்படி ஒன்றை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. தங்கமுத்து சரி என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசற்படியைத் தாண்டிவிட்டார்.

வாத்தியாருக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை. “பயப்படாத தங்கமுத்து. இதுக்கே இன்னொரு பேரு இருக்கு. இனாக்குலேஷன். ஓக்குலஸ்னா லத்தீன்ல கண்ணு. அதாவது, உள்ள ஒரு கண்ணை வைக்கிறது.”

“கண்ணையா?”

“ஆமா, கண்ணு. எப்படின்னா…”

தங்கமுத்து மகளின் கண்ணைப் பார்த்தார். உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

வாத்தியார் சொல்ல வந்தது தவறில்லை. ஆயக்குடித் தோட்டத்தில் கொய்யாவுக்கு ஒட்டுக் கட்டுகிறார்களே, அந்த மாதிரி ஒரு மரத்தின் மொட்டை இன்னொரு மரத்தில் வைத்துக் கட்டுவதை அந்தக் காலத்தில் அப்படிச் சொன்னார்கள்; மொட்டுக்குத்தான் கண் என்று பேர். இதை அவர் கடைசிவரை விளக்கினார். சாத்திய கதவுக்கு முழு விளக்கமும் கிடைத்தது. சுந்தரி கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்து நின்றாள்.

“அம்மா, ஐஸ் போச்சு” என்றார் ஆண்டிச்சாமி. “ஆயக்குடி பஸ்ஸைப் பிடிக்கணும். அடுத்த நடை வரும்போது பாத்துக்கலாம்.”

அவருடைய அடுத்த நடைக்கு முன்பே தங்கமுத்து வீட்டு வாசலில் வேப்பிலை சொருகியாகிவிட்டது.

வேலுத்தாய் பிழைத்துக்கொண்டாள். முகம் மட்டும் பழைய முகமாக இல்லை. சுந்தரி போய்ப் பார்த்துவிட்டு வந்து, சோறு போடாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் பக்கத்தில் வந்து நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்கும் இருந்தது.

“நீங்க கெட்டவரா இருந்தாத் திட்டித் தீத்திருப்பேங்க” என்றாள் அவள். “அதுவும் இல்ல. அதுதான் எனக்குத் தாங்கல.”

அம்மை இறங்கி, வேலுத்தாய்க்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு ஞானவேல் தங்கமுத்து வீட்டுக்குப் போனார். சுந்தரியும் கூடப் போனாள். தனியாக விட அவளுக்குப் பயம். தங்கமுத்து கோபப்படவில்லை. எழுந்து நின்று, பலகை எடுத்துப் போட்டார். வேலுத்தாய் அப்பாவின் வேட்டிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். பழக்கமோ, மரியாதையோ, வேறு என்ன பேசுவது என்று தெரியாமலோ, தங்கமுத்துதான் கடைசியில் கேட்டார்.

“இதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு வாத்தியாரே?”

“ஸ்மால் பாக்ஸ்” என்றார் ஞானவேல். சுந்தரி அவர் கையைப் பிடித்தாள். அந்தக் குழந்தை வேட்டியை விலக்கி, புதிதாகத் தழும்பு விழுந்த முகத்தோடு அவரை நிமிர்ந்து பார்த்தது. வாத்தியார் வாயைத் திறந்தார்.

பாக்ஸ் என்ற அந்தச் சொல்லுக்கும் ஒரு வேர் உண்டு. எனக்கும் தெரியும். அதை அவர் அன்றைக்குச் சொன்னாரா, விழுங்கினாரா என்பதையும் அந்த வேரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. ‘அடடா, அந்த வேரை மட்டுமாவது சொல்லியிருக்கலாமே’ என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? அந்தப் பிள்ளை அப்புறம் என்ன ஆனாள் என்று கேட்பதற்கு முன்னால் அது தோன்றிவிட்டதா? அப்படியானால் ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் தெருவுக்கு ஊசி போட வருகிற அன்றைக்கு, தயவுசெய்து நீங்கள் வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள்.