லைனில் ஒரு கரைவேட்டி

மனோதத்துவம் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. சொந்தக்காரர்களெல்லாம் உதாரணங்களாகத் தெரிவார்கள். எனக்கு அது முற்றிப்போயிருந்த நேரத்தில்தான் திருவண்ணாமலை கேபிள் டிவிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி, தேர்தல் சமயம். ஞாயிற்றுக்கிழமை மதியம், வாக்காளர்களின் மனசைப் பற்றி நேரலை நிகழ்ச்சி. எம்.ஏ. முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. (அதுவரை என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் பல் டாக்டரைத் தேடி வந்தவர்.) ஆனாலும் நாட்டின் மனதையே அலசிக் காயப்போடும் தைரியத்தோடு போய் உட்கார்ந்தேன்.

ஊரை ஒட்டிய வேங்கிக்கால் வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான். அண்ணனுக்குச் சென்னையில் வேலை. அம்மா இறந்த பிறகு அப்பா சமைத்து வைத்துவிட்டுப் பக்கத்துத் தெருக் கட்சி ஆபீசுக்குப் போய்விடுவார். பதவி ஒன்றும் கிடையாது, வெறும் தொண்டர். "என்னோடு கொஞ்ச நேரம் இருங்கப்பா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கும் சேர்த்து டிவியில் வாய் வந்தது.

"பதவியே இல்லாத தொண்டர் எதுக்கு மேடம் வெயில்ல நிக்கிறார்?" என்று கேட்டார் தொகுப்பாளர்.

"கொள்கையெல்லாம் இல்லைங்க, தனிமை" என்றேன். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், மனைவி போனதுக்கப்புறம் கரைவேட்டிய அவரே துவைச்சுக் கஞ்சி போட்டு, கரை கசங்காம பேப்பர் சுத்தி வைக்கிறார். அது வேட்டி இல்லைங்க, ஆறுதல்."

என் மேதாவித்தனத்தில் எனக்கே புல்லரித்தது. வேட்டிக்குப் பேப்பர் சுற்றுகிற ஆள் ஊரிலேயே ஒருவர்தான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

முதல் நேயர் லைனில் வந்தார்.

"டாக்டரம்மா, வேங்கிக்கால்லேர்ந்து பேசறேன்."

அப்பாவின் குரல். பின்னால் கட்சி ஆபீசே சிரித்துக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க சார்" என்றேன். (பெற்ற அப்பாவை!)

"அந்த வேட்டிக்காரருக்கு இன்னா வைத்தியம்?"

"வீட்ல இருக்கறவங்களோட மனசு விட்டுப் பேசணும் சார்."

"வீட்ல ஒரே ஒரு பொண்ணு. அது எந்நேரமும் புஸ்தகத்துல தலைய விட்டுக்கினு இருக்குது. நம்ம பேசினா நோட்ல எழுதிக்குது. சரி, அதுகிட்ட சொல்லுங்கம்மா, கத்திரிக்கா கொழம்பு வச்சிருக்கேன். ஆறிப் போவுது."

"அருமையான கேள்வி சார்! விளம்பரத்துக்குப் பிறகு மேடம் பதில் சொல்வாங்க" என்றார் விவரம் தெரியாத தொகுப்பாளர்.

மேடம் சொல்லவில்லை. விளம்பரம் முடிவதற்குள் அழுதபடி ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

எனக்கு முன்பே அப்பா வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு வைத்திருந்தார்.

"உப்பு கம்மியா?" என்றார்.

"இல்லப்பா" என்றேன். கம்மிதான்.

அதன் பிறகு எனக்குக் கல்யாணமாகும் வரை எந்த ஞாயிறு மதியமும் அவர் கட்சி ஆபீசுக்குப் போகவில்லை. நானும் நோட்டைத் தொடவில்லை.

அப்பா போய்ப் பல வருடங்களாகிவிட்டன. நான் இன்னும் டிவிகளில் நாட்டுக்கு யோசனை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். லைனில் ஒரு நேயர் என்றதும், வேங்கிக்கால் என்று கேட்டுவிடாதா என ஒரு கணம் ஏங்கிப்போகிறேன். சென்னை, சேலம், மதுரை என்றுதான் வருகிறது.

பண்டிகைக்கு வீட்டில் கூடும்போது நான் யாரையாவது அலச ஆரம்பித்தால் போதும், அண்ணன் காதில் கையை ரிசீவர்போல வைத்துக்கொள்வான்.

"டாக்டரம்மா, கொழம்பு ஆறிப் போவுது."

எல்லோரும் சிரிப்பார்கள். நான் எழுந்து போய்ச் சாப்பிட உட்காருவேன்.