சண்டியருக்குக் கட்டிய வெள்ளைக்கொடி

குதிரையைப் பற்றி ஜொக்கி அண்ணனுக்குத் தெரிந்த அளவு இலங்கையில் வேறு யாருக்கும் தெரியாது என்பது ஜொக்கி அண்ணனின் கருத்து. என் கருத்து வேறு. குதிரைக்கு நாலு கால் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு ஒரு மண்ணும் தெரியாது. அந்த நாலையும் அவர் எண்ணிப் பார்த்திருப்பாரா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஜொக்கி என்றதும் குதிரையேறிப் பழகியவர் என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லொறியில் கிளீனராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை குதிரை மீது ஏறியிருக்கிறார். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு ஏரிக்கரையில் பிள்ளைகளை ஏற்றி நடத்திக் கூட்டிப்போவார்களே, அந்த மட்டக்குதிரை. இவர் ஏறி உட்கார்ந்ததும் அது நேராகச் சோளம் அவித்து விற்கிற கடைக்குப் போய், பானைக்கு முன்னால் நின்றுவிட்டது. இவர் அதன் கழுத்தில் தட்டி, லொறிக்குச் சொல்வது போல "ரைட், ரைட்" என்று சொல்லிப் பார்த்தார். அசையவில்லை. கடைசியில் இரண்டு சோளம் வாங்கி, ஒன்றை அது தின்ன, மற்றதை இவர் தின்ன, இறங்கி நடந்தே வந்தார். ஊர் அவருக்கு ஜொக்கி என்று பெயர் வைத்தது அன்றைக்குத்தான். கேலிப் பெயரைப் பட்டமளிப்பு விழாவில் வாங்கியது போல நெஞ்சை நிமிர்த்தி ஏற்றுக்கொண்ட ஆள் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

அக்கரப்பத்தனை பஜாரில் நான் முடிவெட்டிக்கொள்ளும் சலூனில் வருஷா வருஷம் ஒரு போட்டி நடக்கும். இங்கிலாந்தில் குளிர்காலம் முழுவதும் குதிரைகள் வேலி தாண்டி ஓடுகிற பந்தயங்கள் உண்டு. அதற்குத்தான் போட்டி. காசு கட்டுவது கிடையாது. கட்டுகிறவர்கள் போக வேறு கடை இருக்கிறது. தீபாவளிக்கு முன்பே இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, சீசன் முழுவதற்கும் பத்துக் குதிரைகளைச் சொல்லிவிட வேண்டும். ஒரு ஜோடி சொன்னதை இன்னொரு ஜோடி சொல்லக்கூடாது. சொன்ன குதிரை ஒவ்வொரு தடவை ஜெயிக்கும்போதும் ஒரு புள்ளி. ஏப்ரலில் நடக்கும் பெரிய பந்தயத்தோடு ஆட்டம் முடியும். நடுவில் ஒரு குதிரை செத்துப்போனால், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கூட்டாளிகள் இருவரும் நேரில் வந்து இன்னொன்றைச் சொல்லலாம்.

அந்த வருஷம் நான் பள்ளிக்கூடத்தில் சோதனைத் தாள் திருத்திவிட்டுப் போய்ச் சேர்வதற்குள் எல்லோருக்கும் ஜோடி அமைந்துவிட்டது. மூலை பெஞ்சில் ஒருவர் மட்டும் காலாட்டிக்கொண்டு மிச்சமிருந்தார். மீன் கடையில் கடைசியாக மிஞ்சுகிற மீன் ஏன் மிஞ்சியது என்று வாங்குகிறவன் யோசிக்க வேண்டாமா? நான் யோசிக்கவில்லை. "வாங்க மாஸ்டர், நாமதான் இந்த வருசம்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். என் கிரகம்.

பரிசு என்னவென்று சொல்ல வேண்டும். சலூன் முதலாளி வீட்டுக்குப் புதிதாக வாங்கி வைத்திருந்த ஒரு கேஸ் அடுப்பையும் நிறைந்த சிலிண்டரையும் பரிசாக வைத்தார். வைத்தபோது யாரும் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. அப்புறம் நாட்டுக்கு என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கேஸ் இல்லை, எண்ணெய் இல்லை, பால்மா இல்லை, கரண்டு இல்லை. தை பிறப்பதற்குள் அந்த நீலச் சிலிண்டரைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் முடி வெட்டிக்கொள்ள வந்தார்கள். முதலாளி அதற்குப் பொட்டு வைத்து, ராத்திரியில் சங்கிலி போட்டுக் கட்டினார்.

எனக்கு அந்தச் சிலிண்டர் பொழுதுபோக்கு அல்ல. என் மனைவிக்கு இழுப்பு. எங்கள் ஊரில் விறகு காய்வதென்றால் வெயில் வேண்டும், வெயில் வேண்டுமென்றால் வேறு ஊருக்குத்தான் போக வேண்டும். ஈர விறகை ஊதி ஊதி, புகையில் நின்று, ஒரு பானை சோறு இறக்குவதற்குள் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வருவாள். நான் சமைக்கிறேன் என்றால், பிள்ளைகள் பட்டினி கிடந்தாலும் கிடப்போம் என்றன. ஆகவே எனக்கு ஜெயித்தே ஆக வேண்டியிருந்தது. என் கையில் இருந்த ஆயுதம் ஜொக்கி அண்ணன்.

அவர் குதிரை தேர்ந்தெடுக்கும் முறையைக் கேட்டால் உங்களுக்கும் இழுப்பு வரும். எந்தக் குதிரை எங்கே ஓடியது, யார் ஓட்டியது என்ற கதையெல்லாம் அவருக்கு வேண்டாம். முதலாளியின் போனைப் பவுடர் டின்னில் சாய்த்து வைத்து, குதிரைகள் நடந்து வருவதைப் பின்பக்கமிருந்து மட்டும் பார்ப்பார். "பின்சில்லு பலமா இருந்தாத்தான் மாஸ்டர் மேடு ஏறும்" என்பார். கொழுந்து மூட்டையோடு லொறியின் பின்சக்கரம் எப்படி மேடு ஏறும் என்று ஆயுள் முழுவதும் பார்த்தவர், குதிரையையும் லொறியாகவே பார்த்தார். ஆங்கிலப் பெயர்கள் வாயில் நுழையாததால் எல்லாவற்றுக்கும் அவரே பெயர் வைத்தார். மூக்கன், வெட்டுக்காது, சண்டியர்.

வெள்ளைக் குதிரை மட்டும் கூடவே கூடாது. அது ஐயனார் ஏறுகிற வாகனமாம். சாமி வாகனத்தைப் போய்ப் பந்தயத்தில் சொன்னால் குடும்பம் விளங்காதாம். நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். நாங்கள் தள்ளிவிட்ட வெள்ளைகளையெல்லாம் இறைச்சிக்கடைக்காரரும் அவருடைய கூட்டாளியான பஸ் கொண்டக்டரும் அள்ளிக்கொண்டார்கள். வாரா வாரம் ஐயனார் அவர்களுக்குப் புள்ளி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பந்தயம் ஓடும்போது அவர் பக்கத்தில் உட்காரவும் முடியாது. குதிரை ஒவ்வொரு வேலியை நெருங்கும்போதும் "வரட்டும், வரட்டும்" என்று குரல் கொடுத்து, தாண்டியதும் சலூன் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டு. லொறிக்குச் சிக்னல் கொடுத்த கை. அப்படி அவர் தட்டியதில் முதலாளியின் கத்தி வழுக்கி, ஒரு தபால்காரர் பாதி மீசையோடு எழுந்தார். மீதிப் பாதியையும் எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று யோசனை சொன்னவரும் ஜொக்கி அண்ணன்தான்.

இத்தனைக்கும் மாசி மாதத்தில் நாங்கள்தான் முன்னணியில் இருந்தோம். குருட்டுப் பூனை இருட்டில் பாய்ந்தது போல, சண்டியர் என்ற அந்தக் குதிரை ஓடியதிலெல்லாம் ஜெயித்தது. கன்னங்கரேலென்று, பின்பக்கம் பெட்டகம் மாதிரி. கொண்டக்டர் என்னைப் பார்த்தால் பஸ்ஸில் மிச்சக் காசு தராமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு நிலைமை முற்றியது. வீட்டில் என் மனைவி சிலிண்டரை எந்த மூலையில் வைப்பது என்று இடம் பார்த்து, அரிசி வாளியை நகர்த்திவிட்டாள்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை சாயந்தரம் சண்டியர் ஒரு வேலியில் கால் இடறி விழுந்தது. எழும்பவில்லை. ஆட்கள் ஓடிவந்து, அதன் கதையை முடிப்பதை யாரும் பார்க்காதபடி சுற்றிப் பச்சைத் திரை பிடித்தார்கள். ஜொக்கி அண்ணன் தூக்கிய கை தகரத்தில் படாமலே கீழே வந்தது. முதலாளி போனைக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், சந்தியிலிருந்து வெள்ளைக்கொடி தொங்குகிறது. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு யாரும் வழி கேட்பதில்லை. கொடியைப் பிடித்துக்கொண்டே போனால் வீடு வந்துவிடும். உரப்பையை வெட்டிச் செய்த கொடிகள். அந்த வருஷம் உரம்தான் இல்லை, பழைய பைகள் நிறைய இருந்தன. கொடி வளைந்து வளைந்து ஜொக்கி அண்ணனின் லயத்து வீட்டை நோக்கிப் போனது. ஐயோ, மனிதர் போய்விட்டாரா? அடுத்த நினைப்பு, அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை என்னோடு சலூனுக்கு வந்து சொல்ல ஆள்? நான் அப்படிப்பட்டவன்தான்.

ஓடிப்போய்ப் பார்த்தால், அவர் வாசலில் நின்று பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருக்கிறார். கொழுந்துக் கூடையோடு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கொடியைப் பார்த்து, மலையிலிருந்து நேரே வந்தவர்கள். சீனி கிடைக்காத அந்த நாளில் ஆளுக்கு உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வேறு கொடுத்திருக்கிறார். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் லெட்சுமி அக்கா யாருக்கு என்று கேட்டிருக்கிறாள். குதிரைக்கு என்றிருக்கிறார். எந்த ஊர்க் குதிரை? லண்டன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வந்தது வந்தாயிற்று என்று முந்தானையை வாயில் பொத்தி ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாளாம். சண்டியர் என்ற பெயர் ஒப்பாரிக்கு நன்றாகப் பொருந்தியதாக அப்புறம் என்னிடம் சொன்னாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு போய் அவரைப் பிடித்தேன்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம சலூனுக்கு வந்துருங்க. யாரும் சொல்லாத ஒரு குதிர இருக்கு. வெள்ளதான், கண்ண மூடிக்கங்க. அதச் சொல்லிட்டா நமக்குத்தான்."

"பதினாறு கழியட்டும் மாஸ்டர்."

"பதினாறு கழிஞ்சா நாள் போயிரும்ணே."

"போகட்டும். செத்தவன் சட்ட காயறதுக்குள்ள இன்னொருத்தனுக்கு மாட்டிவிடச் சொல்றீங்களா?"

"அது இங்கிலீஷ்காரன் குதிரண்ணே. அதுக்கு நீங்க யாருன்னே தெரியாது."

"எனக்கு அவன் யாருன்னு தெரியுமே" என்றார்.

இதற்கு மேல் மனிதனோடு என்ன பேசுவது? ஆனாலும் பேசினேன். வெட்கத்தை விட்டுப் பேசினேன். என் சம்சாரம் மூச்சு விட முடியாமல் கிடக்கிறாள், அந்தச் சிலிண்டர் அவளுக்காகத்தான் என்றேன். அவர் கேத்தலைக் கீழே வைத்தார். "தெரியும் மாஸ்டர்" என்றார். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை நான் சலூன் வாசலில் பகல் முழுவதும் நின்றேன். அவர் வரவில்லை.

நான் சொன்ன வெள்ளைக் குதிரை இடையில் ஒரு பந்தயத்திலும், ஏப்ரல் பெரிய பந்தயத்திலும் எல்லாவற்றையும் பின்னால் விட்டு வந்தது. நாங்கள் தோற்றது ஒரு புள்ளியில். சிலிண்டருக்கு மாலை போட்டு, ஆட்டோவில் உட்கார வைத்து, இறைச்சிக்கடைக்காரரும் கொண்டக்டரும் பஜாரை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். நான் கதவை மூடிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தேன். "ஒரு குதிரய நம்பிக் குடும்பம் நடத்துன ஆளு நீங்க ஒருத்தர்தாங்க" என்று சொல்லிவிட்டு, என் மனைவி அரிசி வாளியைப் பழைய இடத்துக்கே நகர்த்தினாள். சொல்லும்போதே அவளுக்கு இழுத்தது.

அடுத்த சனிக்கிழமை ஜொக்கி அண்ணன் மேடேறி வந்தார். தலையில் ஒரு சுமை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கழிகிற மிலாறுக் குச்சிகள். தன் அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கி உலர்த்தினாராம். என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. நேரே குசினிக்குப் போய், "தங்கச்சி, இது பொகையாது. நீங்க வெளிய போய் நில்லுங்க" என்றார்.

புகைந்தது. அவர் சொன்ன எதுதான் நடந்திருக்கிறது? கூரை ஓடு தெரியாத அளவுக்குப் புகைந்தது. ஆனால் அவர் வெளியே வரவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழிய, இருமிக்கொண்டே சோறு பொங்கி, பருப்புக் கடைந்து, அடுப்பை அவித்துவிட்டுத்தான் வந்தார். என் மனைவி அதுவரை வாசலில் தேயிலைக் காற்றில் நின்றிருந்தாள். பருப்பில் உப்பில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வாரா வாரம் வந்தார். மழை வந்தாலும் வந்தார். கொஞ்ச நாள் கழித்து நானும் குசினிக்குள் போய் உட்கார்ந்து ஊத ஆரம்பித்தேன். பேச்சும் ஆரம்பித்தது, வேறு எதைப் பற்றி, குதிரையைப் பற்றித்தான். அடுத்த சீசனுக்கும் என் கூட்டாளி அவர்தான். இப்போதும் அப்படித்தான். இப்போதும் வெள்ளைக் குதிரை கூடாது, இப்போதும் பின்சில்லு பார்க்கிறார், இப்போதும் தோற்கிறோம்.

எங்கள் வீட்டுக்குக் கேஸ் வந்து நாளாகிவிட்டது. அது அவருக்கும் தெரியும். அடுப்பைத் தாண்டித்தானே பின்பக்கம் போகிறார். ஆனாலும் சனிக்கிழமை சாயந்தரமானால் மிலாறுக் கட்டோடு வந்து நிற்கிறார். பின்பக்கம் விறகு மலையாகக் குவிந்து, அதற்குள் கோழி முட்டையிடுகிறது. அண்ணே, போதும், இனி கொண்டுவர வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்தான். சொன்னால் அந்த மனிதர் சனிக்கிழமை வரமாட்டாரே.