கம்பிக் கயிற்றுக்குப் புளி போட்ட கதை

பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரைக்கும், ஒரே நாளில் அத்தனை பேரிடம் திட்டு வாங்கிய மனிதர் கிழிசலைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க முடியாது. கான்ட்ராக்டர் திட்டுவார், கல் சுமக்கிற பெண்கள் திட்டுவார்கள், கிணற்றுக்குள்ளிருந்து நாங்கள் அண்ணாந்து திட்டுவோம். அவர் எல்லாவற்றையும் வெயிலைப் போல வாங்கிக்கொண்டு நிற்பார்.

கிழிசல் என்பது நாங்கள் வைத்த பெயர். யுத்தம் முடிந்தும் துணிக்கு ரேஷன் முடியாத காலம் அது. இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று இருந்தால் அவன் வசதிக்காரன். கிணற்று வேலையில் கல் தூக்குகிற கயிற்றுக்கு இந்த மனிதர்தான் பொறுப்பு. தினமும் காலையில் தோள் துண்டை எடுத்துக் கம்பிக் கயிற்றில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கயிறு முழுவதையும் அதன் வழியாக ஓட விடுவார். எங்காவது ஒரு இழை அறுந்து முள்ளாக நின்றால் துணியைப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்துக்குச் சுண்ணாம்பால் பொட்டு வைப்பார்.

"வெறுங்கையால தடவினா ஆகாதா அண்ணே?" என்று ஒரு தடவை கேட்டேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். உழுது போட்ட புஞ்சை மாதிரி இருந்தது. முள் குத்தினாலும் அந்தக் கைக்குத் தெரியாது.

அவர் துண்டு சல்லடையானதும் எங்கள் துண்டுகளுக்கு வந்தார். "குடுய்யா, பாத்துட்டு தரேன்" என்பார். தருவார். அதை வைத்துக் கொள்ளிடத்தில் மீன் பிடிக்கலாம்.

வேலை குரும்பலூரில், பாறைக் கிணறு ஒன்றை ஆழப்படுத்துவது. மேலே மூன்று மரங்களைச் சேர்த்து நிறுத்தி, உச்சியில் உருளை கட்டி, இரண்டு பேர் கைச்சக்கரம் சுற்றுவார்கள். உடைத்த கல் இரும்புத் தொட்டியில் ஏறும். அது ஏறுகிற நேரமெல்லாம் நாங்கள் அதற்கு அடியில் இருப்போம். ஒதுங்குகிற அளவுக்கு அந்தக் கிணற்றில் அகலம் கிடையாது. வேலை செய்த நாளைக்கு மாலையில் கம்பு அளந்து போடுவார்கள். வேலை இல்லாத நாளைக்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்போம். அதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை, எல்லா ஊரிலும் அப்படித்தான்.

முதலில் தேங்காய் நார் வடம்தான் இருந்தது. அது இற்றுப்போனதும் பட்டாளத்துச் சாமான் ஏலம் விடுகிறார்கள் என்று கான்ட்ராக்டர் கிழிசலையும் என்னையும் திருச்சிக்குக் கூட்டிப்போனார். அங்கே வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு ஒரு தடித்த கம்பிக் கயிறு கிடந்தது. கான்ட்ராக்டர் அதைப் பார்த்த பார்வை, மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கிற பார்வை.

"இத எடுத்துக்கலாம்யா. யானைய கட்டலாம்."

"யானைய கட்டலாங்க. தொட்டிய தூக்க முடியாது" என்றார் கிழிசல். "உள்ள இருக்குற கம்பி ஒவ்வொண்ணும் தடிமன். கம்பத்த இழுத்துக் கட்ட இது போதும். நம்ம உருளையில தெனம் வளைஞ்சு வளைஞ்சு ஏறுனா ஒடிஞ்சுபோவும்."

பிறகு மூலையில் கிடந்த ஒல்லிக் கயிற்றை எடுத்தார். வளைத்தார், முகர்ந்தார், முறுக்கைக் கொஞ்சம் பிரித்து நடுவில் இருந்த சணலை நகத்தால் கீறி எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தார். மெல்லிய கம்பிகள் நிறைய, எல்லாவற்றின் மேலும் துத்தநாகப் பூச்சு. "மழைக்குத் தாங்கும். நாம கூட்டிப்போற எடத்துக்கு இதுதான் வரும்" என்றார். பஸ் மேலே ஏற்றி வரும்போது, கயிறு மடங்கக் கூடாது என்று அவரும் அதோடு மேலேயே உட்கார்ந்து வந்தார்.

அதன் பிறகு எங்கள் உயிரை எடுத்தார். கயிற்றில் முடிச்சுப் போடக் கூடாது. நுனியை இரும்பு வளையத்தின் பள்ளத்தில் மடித்து, மூன்று கவ்வி போட்டு முடுக்க வேண்டும். கவ்வியின் அகலமான அடிப்பாகம் பாரம் தாங்குகிற பக்கம் உட்கார வேண்டும், மாற்றிப் போட்டால் கழற்றச் சொல்லுவார். ஓடுகிற கயிற்றைத் தாண்டக் கூடாது. அது இழுபடுகிற நேர்க்கோட்டில் நிற்கக் கூடாது. நார் வடம் என்றால் ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுப் பழகியவர்கள் நாங்கள். இதையும் ஒருவன் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டான். கிழிசல் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

சமையலும் கல் சுமையுமாக எங்களோடு இருந்தவள் முனியம்மா. அவள் புருஷன் சின்னசாமி என் பக்கத்தில் கல் உடைப்பவன். ஆயுத பூஜைக்குச் சம்மட்டி, கடப்பாரை எல்லாவற்றையும் கழுவி வைத்தவள், கயிற்றையும் விடவில்லை. புளியும் உப்பும் செங்கல் பொடியும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்துவிட்டாள்.

"வந்து பாருங்கண்ணே! எங்கூட்டு பித்தளக் கொடம் இந்தப் பளபளப்பு வராது."

கிழிசல் பார்த்தார். அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அதோட தோல உரிச்சுட்டியே, தாயி."

"அடி ஆத்தே! அழுக்கெடுத்தது ஒரு குத்தமா? நீங்க ஒங்க வேட்டிய எப்பவாச்சும் இப்படித் தேச்சிருக்கீங்களா?"

ஐப்பசி மழை வந்தது. பூச்சுப் போன கயிறு துருவேறிச் செம்பட்டை பிடித்தது. கிழிசல் வண்டிக்காரர்களிடம் அச்சுக்குப் போடுகிற வண்டி மை இரந்து வாங்கிப் பூசினார். சிறுவாச்சூர்ச் சந்தைக்குப் போகிற வண்டிகளெல்லாம் அவரைக் கண்டால் வேகம் எடுத்தன. தை பிறந்தபோது கயிறு முழுக்கச் சுண்ணாம்புப் பொட்டு, அம்மை போட்ட பிள்ளை மாதிரி.

"போதுங்க. இதத் தள்ளிடணும்" என்றார் கான்ட்ராக்டரிடம்.

"அறுந்துச்சா?"

"அறுவலீங்க."

"அறுந்தா சொல்லு. கோடைக்குள்ள தண்ணி காட்டுறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். நாளைக்கு எவன் எறங்கலியோ அவன் வூட்டுக்குப் போலாம்."

எங்களுக்குப் போக வீடு கிடையாது. இறங்குவதாகத்தான் எல்லோரும் முடிவு செய்தோம். சின்னசாமி கிழிசலைப் பார்த்து, "நீங்க கண்ண மூடிக்கங்கண்ணே, கஞ்சிக்கு வழி வுடுங்க" என்றான்.

மறுநாள் விடிந்து நாங்கள் போனபோது கிழிசல் கயிற்றைப் பாறையின் மேல் நீட்டி, உளியை வைத்துச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார். நாலு இடத்தில் வெட்டி முடித்திருந்தார். வெட்டுப்பட்ட நுனிகள் துடைப்பம் மாதிரி விரிந்து கிடந்தன. உள்ளே சணல் செந்தூளாக உதிர்ந்தது.

கான்ட்ராக்டர் வந்தார். அவர் பேசியதை எந்தப் பத்திரிகையிலும் போட முடியாது.

"சும்மா தள்ளி வச்சா நாளைக்கு எடுத்து மாட்டிப்புடுவீங்க. அதாங்க வெட்டிட்டேன்" என்றார் கிழிசல். எல்லோருக்கும் சேர்த்தே வேலை போயிற்று.

"மண்ணப் போட்டீரே! எம்புள்ளைவளுக்கு நீரா கஞ்சி ஊத்துவீரு?" என்று முனியம்மா கையை ஆட்டிக் கத்தினாள். அவர் உளியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குழிக்கு ஆள் எடுப்பதாகப் பேச்சு. அவர் பின்னால் முனியம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திட்டியபடியே நடந்தாள். அவள் பின்னால் சின்னசாமி, அவன் பின்னால் நாங்கள். யாரும் யாரையும் வா என்று கூப்பிடவில்லை.

பெரம்பலூர் தாண்டியதும் கிழிசல் திரும்பிப் பார்த்தார்.

"எங்கூட எதுக்கு வர்றீங்க? இன்னும் திட்டி முடியலியா?"

"முடியல. நீங்க நடங்க" என்றாள் முனியம்மா.

அந்தக் கயிறு அன்றைக்கு அறுந்திருக்குமா என்று எனக்கு இன்றும் தெரியாது. அறுந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன், அவ்வளவுதான். அரியலூரில் அவர் பார்த்துக்கொண்ட கயிற்றுக்குக் கீழே ஒரு வருஷம் குழியில் இறங்கினேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ குழி. தலைக்கு மேலே பாரம் ஏறும்போது ஒரு கண்ணை அதன் மேலேயே வைத்துக்கொண்டு வேலை செய்கிற பிழைப்பு இது. குனிந்த தலை நிமிராமல் நான் கல் உடைத்தது அந்த ஒரு வருஷம்தான்.