கனடா நேரத்துக்கு மாறிய டைம் கீப்பர்

தேனி பஸ் ஸ்டாண்டில் சூரியன்கூட டைம் கீப்பரைக் கேட்டுவிட்டுத்தான் உதிக்கும். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள், அவரிடம் திட்டு வாங்காத டிரைவர் ஒருவரைக் கூட்டி வாருங்கள், பார்க்கலாம். முப்பது வருஷம் விசிலடித்து பஸ்களை விரட்டியவர், ஓய்வு பெற்று எங்கள் தெருவுக்குக் குடிவந்தார். எதிர்வீட்டில் இருந்த பாவத்துக்கு நான் மாட்டிக்கொண்டேன். குச்சனூர் போய் சனீஸ்வரனுக்கு எள் தீபம் போட்டு வாருங்கள், மனசு அடங்கும் என்று ஒருநாள் அனுப்பிவைத்தேன். திரும்பி வந்தவர் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன பஸ் ஏழு நிமிஷம் தாமதமாம்.

மனுஷனுக்குச் சர்க்கரை வியாதி. காலை ஏழு, மாலை ஏழு, வயிற்றில் இன்சுலின் ஊசி. போட்ட அரைமணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். தவறினால் சர்க்கரை இறங்கி ஆள் சாய்ந்துவிடுவார். மனைவி காலமான பிறகு மெஸ் சாப்பாடுதான். கடிகாரத்தைப் பார்த்து நடுங்கும் ஒரே மெஸ்காரர் எங்கள் ஊர்க்காரராகத்தான் இருப்பார்.

போன சித்திரையில் கனடாவிலிருந்து ஒரே மகள் போன் செய்தாள். ஆடியில் பிரசவம், அப்பா வந்தே ஆகவேண்டும் என்று. அன்றைக்கே டிராவல்ஸ் ஆபீசுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பெண் டிக்கெட் விவரம் எல்லாம் சொல்லி முடித்ததும் இவர் கேட்டார்: "ஏம்மா, சாப்பாட்டுக்கு பிளேன எங்கன நிப்பாட்டுவாக?"

அவள் சிரித்துவிட்டாள். இவர் சிரிக்கவில்லை. ஊசி போடுகிறவருக்குச் சோறு வரும் நேரம் தெரியவேண்டாமா?

வீட்டுக்கு வந்து டிரிப் ஷீட் போட்டார். தேனி, மதுரை, துபாய், டொரன்டோ என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஊசி நேரம். கனடா கடிகாரம் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்று தெரிந்ததும் ஆள் ஆடிப்போனார். பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது. புது ரூட்டில் பஸ் விடுமுன் வெள்ளோட்டம் விடுவதில்லையா? யாரிடமும் சொல்லாமல் தேனியிலேயே கனடா நேரத்துக்கு மாறிவிட்டார்.

அங்கே காலை ஏழு என்றால் இங்கே சாயங்காலம் நாலரை. நாலரைக்கு ஊசியைப் போட்டுக்கொண்டு இட்லி தின்ன மெஸ்ஸுக்குப் போயிருக்கிறார். இட்லிக் கொப்பரை கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏதாவது கிடைக்கும் என்று நடந்தவர், வேர்த்து விறுவிறுத்து கம்பம் பஸ்ஸின் படியில் உட்கார்ந்துவிட்டார். அவரிடம் அதிகம் திட்டு வாங்கிய டிரைவர்தான் ஓடிப்போய்ச் சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். தெளிந்ததும் நம்மாள் கேட்டது, "இன்னும் வண்டிய எடுக்கலியா?"

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனோம். மருந்தையும் ஊசியையும் கைப்பையில் கொண்டுபோக அவர் கடிதம் வேண்டும். கதையைக் கேட்ட டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டார். தரையிலேயே இப்படி விழுகிறவரை ஆகாயத்தில் யார் தாங்குவது, பயணமே வேண்டாம் என்றார்.

எந்த அதிகாரியிடமும் மல்லுக்கு நிற்கிறவர், தலையைக் குனிந்துகொண்டார்.

"எம் மக பொறந்தப்ப நான் டூட்டியில நின்னேம்மா. தீவாளிக் கூட்டம். ஆஸ்பத்திரி அந்தா தெரியுது, எதுத்தாப்லதான். வண்டிகள விட்டுட்டு எப்படிப் போறதுன்னு நின்னுட்டேன். மூணாம் நாளுதான் போயி மொகத்தப் பாத்தேன். ஏம் பொண்டாட்டி அத ஒரு நாளும் சொல்லிக்காட்டல. இந்தத் தடவையாவது முன்னாடியே போயி நிக்கணும்."

டாக்டரம்மா மூடிய பேனாவைத் திறந்தார். பிறகு டிரிப் ஷீட்டை வாங்கிக் குறுக்கே கோடு போட்டுவிட்டு, எந்த வேளைக்கு எவ்வளவு மருந்து என்று தானே புதிதாக எழுதினார். சாப்பாடு கண் முன்னால் வராமல் ஊசியைத் தொடக்கூடாது, இடையிடையே சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும், பையில் இனிப்பு இருக்க வேண்டும் என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிக் கடிதம் கொடுத்தார்.

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார். ஆடி பிறந்தது, டாக்டர் சொன்ன தேதியும் வந்தது, பிள்ளை வரவில்லை. ஒன்பது நாள் தாமதமாகத்தான் பேத்தி பிறந்தாள். நம்மாள் அங்கே என்ன ரகளை பண்ணினாரோ என்று பயந்துகொண்டே மகளுக்குப் போன் செய்தேன்.

"ஒரு வார்த்த பேசலண்ணே," என்றாள். "ஒம்பது நாளும் ஆஸ்பத்திரிப் பைய மடியில வச்சிக்கிட்டு, என் ரூம் வாசல்லயே உக்காந்திருந்தாக."

பாவி மனுஷன், எதிர்வீட்டுக்காரனை இப்படி அழவைத்துவிட்டார்.